கோரம்

பிஷ்கெக்கில் அன்று நிலக்கரிப் புகை
அவையின் மூன்றாம் மாடிவரை ஏறியிருந்தது.
வரிசை எண் பதினொன்று:
சர்வதேச சுகாதார ஒப்பந்தம், அதற்கான நிதி.
பாதி நன்கொடை, பாதி கடன்,
திருப்பிக் கட்ட முப்பத்தெட்டு வருடம்.
இன்று பொத்தான் அழுத்துகிறவர்களில் பலர்
கடைசித் தவணையைப் பார்க்கப்போவதில்லை.

நாற்பத்தாறு பேர் வேண்டும்.
நாற்பத்தொருவர் இருந்தார்கள்,
ஒருவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கினார்.
கோரம் இல்லை என்றார் அவைத்தலைவர்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு.
அது இருந்தது.

மறுவாரம் ஆள் சேர்ந்தது.
சாடிபால்தியேவ் எழுந்தார்.
"மலை முழுக்கப் பனி.
கதவைத் திறந்துவைத்தால் இறைச்சி கல்லாகிறது.
இந்த நாட்டுக்குக் குளிர்ப்பெட்டி வாங்கக் கடனா?
மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தரக் கட்டணமா?"
சுருக்கெழுத்தாளர் அடைப்புக்குறிக்குள் எழுதினார்: சிரிப்பு.
அடுத்த வரியில்: நீண்ட சிரிப்பு.
ஒப்பந்தம் குழுவுக்கே திரும்பிப் போனது.

பார்வையாளர் மாடத்தில் துர்சுனை சிரிக்கவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்தவள் அவள்,
பக்கக் கணக்கில் கூலி.
பின்னிணைப்பு இரண்டு, ஒன்பதாம் வரி,
இரவு இரண்டு மணி, ஆறிப்போன தேநீர்.
மூலத்தில் நான்கு சொல் இருந்த இடத்தில்
முஸ்தத்கிச் என்று ஒன்றைப் போட்டுவிட்டு
அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள்.
முஸ் என்றால் பனிக்கட்டி.
பனிக்கட்டியாக்கும் பெட்டி.
அவர்கள் சிரித்தது அவள் சொல்லைப் பார்த்துத்தான்.

அத்-பாஷியில் அன்றிரவு
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மருத்துவ உதவியாளர் பெர்மெத்
தடுப்பூசிக் குப்பிகளைக் கம்பளித் தொப்பிக்குள் சுற்றி
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு கை நுழையும் சந்தில் வைக்கிறாள்.
கிட்டே போனால் வெந்துவிடும்.
தள்ளிப் போனால் உறைந்துவிடும்.
இரண்டுக்கும் எட்டுக்கும் இடையே
ஆறு டிகிரி அகலத்தில் ஒரு நாடு.
அதற்குக் கொடி இல்லை, உறுப்பினர் இல்லை.
மூன்று மணிக்கு எழுந்து வெப்பமானி பார்க்கிறாள்,
பச்சைக் குழந்தைக்காரி எழுவதுபோல,
வைதுகொண்டே.

உறைந்து உருகிய மருந்து
பார்வைக்குக் கெட்டதாகத் தெரியாது.
குலுக்கிப் பார்க்க வேண்டும்.
நல்லது பால்போலக் கலங்கியே நிற்கும்.
செத்தது அரைமணியில் அடியில் படியும்,
மேலே சுத்தமான தண்ணீர்.
தெளிந்தால் போச்சு.

துர்சுனை பிழைத்திருத்தம் எழுதினாள்.
பக்கம் 87, வரி 9:
குளிர்விக்கும் என்பதை
உறையவிடாமல் காக்கும் என்று வாசிக்கவும்.
அவ்வளவுதான்.
அதற்கு ஒரு மேலுறை, மேலுறைக்கு ஓர் எண்,
நீதித்துறை முத்திரை, நிதித்துறை முத்திரை,
நடுவில் மகளிர் தின விடுமுறை.
இருபத்துமூன்று நாள்.
அந்த மாதக் கூலியில்
ஒரு பக்கத்துக்கானதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒப்புதல் வந்தது ஒரு வியாழன் மாலை,
வாகன எண்பலகை மசோதாவுக்கும்
குதிரைப் பந்தயத் திடலுக்கு நிலம் ஒதுக்குவதற்கும் நடுவே,
நாலு நிமிஷத்தில்.
நாற்பத்தேழு பேர்.
சாடிபால்தியேவும் பச்சைப் பொத்தானைத்தான் அழுத்தினார்.
திருத்தத்தைப் படித்தாரா,
வீட்டுக்குக் கிளம்பும் அவசரமா,
குறிப்பில் இல்லை.
சிரித்தால்தான் குறிப்பில் ஏறும்.

இனி கையொப்பம், அரசிதழ்,
நடைமுறைக்கு வரும் தேதி,
தனி வங்கிக் கணக்கு, டெண்டர், முதல் தவணை.
பெட்டிகள் வந்து இறங்கும்போது
அத்-பாஷியில் புல் முழங்கால் உயரம் நிற்கும்.
நிற்கட்டும்.
அடுத்த குளிர் எங்கே போகப்போகிறது?

பெர்மெத்தின் நோட்டில் இதுவரை
கழித்த டோஸ்: அறுபத்திரண்டு.
காரணம் என்கிற கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்.
உறைந்தது, என்று எழுதுகிறாள்.
பேனாவும் உறைந்து, அதை வாயில் வைத்து ஊதி
மறுபடி எழுதுகிறாள்.
அடுத்த குப்பியைக் குலுக்கி
மேஜைமேல் நிறுத்திவிட்டுக்
கடிகாரம் பார்க்கிறாள்.
அரைமணி.